கூண்டுக்கு ஓர் ஆள் தேவை

அபூதாஹிருக்குக் காக்கிச் சட்டை என்றால் பயம். பொலிஸ்காரரின் காக்கிதான் என்றில்லை, எந்தக் காக்கியும் போதும். தபால்காரரைக் கண்டாலே கதவைச் சாத்திக்கொண்டு, "அப்பிடி ஒராள் இங்க இல்ல" என்று உள்ளேயிருந்து குரல் கொடுப்பான். கலியாணம் பேச வந்தவர்களைக் கண்டும் பயந்து, நாற்பது வயது தாண்டியும் தனிக்கட்டையாக நின்றான். இதைக் கிண்ணியாவில் எல்லாரும் அறிவார்கள். ஆகையால் துணிச்சலான காரியம் எதையும் அவனிடம் ஒருவரும் எதிர்பார்த்ததில்லை. அப்படிப்பட்டவனைத் தேடித்தான் 1973ஆம் ஆண்டு மார்கழி மாதம் உலக மனித உரிமை வந்து சேர்ந்தது.

எல்லாம் ஒரு பட்டனால் வந்த வினை. அபூதாஹிரும் அவன் தம்பி ஹிஸ்புல்லாவும் திருகோணமலைத் துறைமுகத்தில் நங்கூரம் போடும் கப்பல்களுக்குத் தோணியில் போய் வாழைப்பழமும் எலுமிச்சம்பழமும் செவ்விளநீரும் விற்பவர்கள். கப்பற்காரர்களிடம் நம் நாட்டுச் சில்லறை எங்கே இருக்கும்? பண்டமாற்றுத்தான். குளிக்கும் சவர்க்காரம் கிடைக்கும், பழைய காற்சட்டை கிடைக்கும், ஒருமுறை யாருக்கும் பொருந்தாத ஒற்றைச் சப்பாத்தும் கிடைத்தது. அன்றைக்கு வந்தது எந்த நாட்டுக் கப்பல் என்று இருவருக்கும் தெரியாது. ஒரு வாழைக்குலைக்குச் சவர்க்காரம் தந்த மாலுமி, கொசுறாக ஒரு சின்னஞ்சிறு சிவப்புச் சின்னத்தையும் தோணிக்குள் போட்டான். சிவப்பின் நடுவே பொன்னிறத்தில் யாரோ ஒரு பெரியவரின் தலை. பின்பக்கத்தில் நல்ல ஊசி. ஹிஸ்புல்லாவின் சட்டையில் நெஞ்சுக்கு நேரே பட்டன் விழுந்து நெடுநாளாயிற்று.

"நல்ல சாமான் காக்கா" என்று அண்ணனிடம் சொல்லி, அதை அந்த இடத்தில் குத்திக்கொண்டான். அதன்பிறகு காற்றுக்குச் சட்டை விரியவில்லை.

தெற்கே படித்த வாலிபர்கள் பொலிஸ் நிலையங்களைத் தாக்கிய கலகம் அடங்கி இரண்டு வருடம் கழிந்திருந்தது. கலகம் போனாலும் அதற்காக வந்த அவசரகாலச் சட்டம் போகவில்லை, விருந்துக்கு வந்த இடத்தில் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. சிவப்பு என்றால் பொலிசுக்கு ஆகாத காலம். வெற்றிலை போட்டவர்கள்கூட யோசித்துத்தான் துப்பினார்கள். இப்படியான காலத்தில் நெஞ்சில் ஒரு சிவப்புத் தலையைக் குத்திக்கொண்டு வந்து துறைமுக ஜெட்டியில் தோணியைக் கட்டினால் என்ன நடக்கும்? கொன்ஸ்தாபிள் ஹிஸ்புல்லாவைப் பிடரியில் பிடித்துக் கொண்டுபோனார். அபூதாஹிர் தோணியின் அடியில் வாழையிலைகளுக்குக் கீழே படுத்துக்கொண்டான். அதற்காகப் பின்னால் வெட்கப்பட்டான். ஆனால் அந்த நேரத்தில் படுத்துத்தான் கிடந்தான்.

தம்பியின் மனைவி றஹ்மாவுக்கு நிறைமாதம். செய்தி கேட்டு அவள் அழவில்லை. குசினி வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மச்சான், நீங்க பயந்த சுபாவம் எண்டு எனக்குத் தெரியும்" என்றாள். "வேற ஆரும் இரிந்தா உங்களட்டக் கேட்டிருக்க மாட்டன்."

அவனை இதைவிட மரியாதையாக யாரும் ஏசியதில்லை. மறுநாள் படகேறிப் பட்டணத்துக்குப் போனான். பொலிஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த வேப்பமரத்தடியில் நின்றான். கால் வீதியைக் கடக்க மறுத்தது. கடைசியில் இன்ஸ்பெக்டரே அவனைக் கண்டு, இவன் என்னத்துக்கு மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறான் என்று ஆளனுப்பிக் கூப்பிட்டார்.

இன்ஸ்பெக்டர் பொல்லாதவரல்லர். தமிழும் பேசுவார்.

"பையன் ஒண்டும் தெரியாதவன். முகத்தைப் பார்த்தாலே விளங்குது" என்றார். "ஆனா நான் மேலுக்கு எழுதிட்டேன். இன்னும் ஒரு வாரத்தில மனித உரிமை நாள். அது முடிஞ்ச அடுத்த நாள் காலையில கொழும்பில இருந்து ஜீப் வரும். ஜீப்பில ஏத்தினா அதுக்குப் பிறகு என்ட கையில இல்ல. அதுக்கு முந்தி ஊர்ப் பெரிய மனுசர் ஒராள் வந்து, இவனை எனக்குத் தெரியும் எண்டு ஒரு சொல் சொன்னா விட்டுடலாம்."

கொழும்புக்குக் கொண்டுபோகப்பட்டவர்களில் சிலர் திரும்பி வந்திருந்தார்கள். வந்தவர்கள் கதைப்பதில்லை. வராதவர்களைப் பற்றி வீட்டார் கதைப்பதில்லை. அபூதாஹிர் வெளியே வந்தான். "ஒரு சொல்லு, ஒரு சொல்லு" என்று முணுமுணுத்துக்கொண்டு பட்டணத்து வீதியில் நடந்தான். அப்போதுதான் அந்தப் பெயர்ப்பலகை கண்ணில் பட்டது. எழுத்துக்கூட்டி வாசித்தான்: 'அகில உலக மனித உரிமைப் பிரகடன வெள்ளிவிழாச் சபை, திருகோணமலை மாவட்டம்.'

மனிதன் என்றும் இருக்கிறது, உரிமை என்றும் இருக்கிறது. இதைவிட வேறென்ன வேண்டும்? அல்லாஹ் வழிகாட்டிவிட்டான் என்று உள்ளே போனான்.

சபை, கோட்டில் வழக்குப் பேசும் பிரக்கிராசியார் சிவபாதத்தின் வீட்டு விறாந்தையில் நடந்தது. தலைவர் அவர்தான். செயலாளர் தோழர் குணரத்தினம், பொருளாளர் தோழர் இராசநாயகம். தோழர்கள் இருவரும் ஒரு காலத்தில் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். செயலாளரின் மொஸ்கோவும் பொருளாளரின் பீக்கிங்கும் முறைத்துக்கொண்ட பிறகு ஒருவர் இருந்த கதிரையில் மற்றவர் துடைத்துவிட்டுத்தான் உட்கார்வார். பிரக்கிராசியாருக்கு இலண்டன்தான் கிப்லா, தொழுகைக்குத் திரும்பும் திசை. மூவரிடமும் ஒவ்வொரு றேடியோ இருந்தது. மாலையானால் மூன்றும் ஒரே நேரத்தில் தமிழில் பேசும். இன்றைக்கு உலகத்தில் எங்கெங்கே அநியாயம் நடக்கிறது என்பதை அவரவர் றேடியோ அவரவருக்குச் சொல்லும். றேடியோ சொல்லாத அநியாயம் நடக்காத அநியாயம்.

சுவரில் பெரிய உலகப் படம் ஒன்று மாட்டியிருந்தது. அநியாயம் நடக்கும் இடங்களில் குண்டூசிகள் குத்தியிருந்தார்கள். செயலாளர் குத்திய இடத்தில் தலைவரின் ஊசி இல்லை, தலைவர் குத்திய இடத்தில் செயலாளரின் ஊசி இல்லை. அபூதாஹிர் தன் ஊரைத் தேடினான். இந்து சமுத்திரத்துக்கு மேலே ஒரு புடைவைக்கடைக் காலண்டர் தொங்கியது. இலங்கை அதற்குக் கீழே இருந்தது.

"ஐயா, என்ட தம்பியப் புடிச்சிட்டாங்க" என்றான்.

மூவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். வெள்ளிவிழாவுக்கு இதுவரை ஒரு கைதியும் அகப்படாமல் அவர்கள் வருந்திக்கொண்டிருந்த நேரம் அது.

"எந்த நாட்டில்?" என்று கேட்டார் பிரக்கிராசியார்.

"இங்கதான் ஐயா. கடற்கரைப் பொலிசில."

மூன்று முதுகுகளும் மறுபடி கதிரையில் சாய்ந்தன.

பிரக்கிராசியார் உலகப் படத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார். அவர் யாருடைய முகத்தையும் பார்த்துப் பேசுவதில்லை. "மனித உரிமை என்பது எல்லைகளைக் கடந்தது. ஆகவே எல்லையைக் கடந்து பார்த்தால்தான் அது தெரியும். உம்முடைய சகோதரரை அவசரகாலச் சட்டத்தின் கீழ்ப் பிடித்திருக்கிறார்கள். அவசரமாய் இருந்தாலும் சட்டம் சட்டம்தானே? சட்டமே இல்லாமல் சைபீரியாவில் பனிக்குள் கொண்டுபோய்ப் போடுகிறார்கள். இங்கே பனியாவது இல்லை. அந்த அளவுக்கு நாங்கள் சுதந்திரமாக இருக்கிறோம்."

"பொய்ப் பிரசாரம்!" என்றார் தோழர் குணரத்தினம். பிறகு அபூதாஹிரின் தலைக்குமேல் பார்த்துக்கொண்டு விளக்கினார். "நாட்டை ஆளுவது எங்கட கட்சியும் சேர்ந்த மக்கள் அரசு. மக்கள் அரசு மக்களைப் பிடிக்காது. அப்ப பிடிபட்டவன் ஆர்? மக்களில் சேராதவன். மக்களில் சேராதவனுக்கு மக்கள் உரிமை எப்படி வரும்? சிலியைப் பாரும். அங்க பிடிபட்டவன் எல்லாம் மக்கள். அதுதான் வித்தியாசம்."

தோழர் இராசநாயகம் மட்டும் எழுந்துவந்து அபூதாஹிரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவனுக்குக் கண் கலங்கியது.

"வாழ்த்துக்கள்" என்றார். "சிறைச்சாலை புரட்சியின் பள்ளிக்கூடம். உங்கட தம்பிக்கு இடம் கிடைச்சிருக்கு. இடையில வெளியில எடுத்தால் படிப்புக் கெட்டுப்போகும்."

"அவன் ரெண்டாம் வகுப்போட நிப்பாட்டினவன் ஐயா" என்றான் அபூதாஹிர். "பெஞ்சாதிக்கு நிறைமாசம். பெரிய மனுசர் ஒராள் ஒரு சொல்லுச் சொன்னா உடுவாங்களாம். ஒரே ஒரு சொல்லு."

சொல்லைப் பற்றி ஆராயப்பட்டது. முதலில் சின்னத்தில் இருந்த தலை யாருடையது என்று தெரியவேண்டும் என்றார் குணரத்தினம். அது மொஸ்கோத் தலையானால் கைது தவறுதலாக நடந்தது, தவறுதலுக்கு எதிராகத் தீர்மானம் போடுவது வழக்கமில்லை. பீக்கிங் தலையானால் கைது சரியானது. தலை எதுவானாலும் கைது சரியானதே என்றார் பிரக்கிராசியார், ஏனென்றால் அது தலை. இராசநாயகம் அன்றிரவு றேடியோ கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். தலைக்கு அடியில் பட்டன் இல்லாத விஷயத்தை அபூதாஹிர் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தான். அது பொருளாதாரப் பிரச்சினை, வேறு சபைக்குரியது என்று விட்டுவிட்டார்கள்.

அவன் திரும்பும்போது பிரக்கிராசியார் கூப்பிட்டார். படத்திலிருந்து கண்ணை எடுத்து, முதன்முறையாக அவனைப் பார்த்தார். முகத்தையல்ல, விலா எலும்புகளை.

"உமக்குக் கூண்டுக்குள் உட்கார ஏலுமா?"

விழா ஊர்வலத்தில் ஒரு லொறி போவதாக இருந்தது. லொறியில் இரும்புக் கூண்டு, கூண்டுக்குள் உலகத்துக் கைதி ஒருவன். கைதியாக இருக்க ஆள் கிடைக்கவில்லை. பள்ளிக்கூட வாத்திமார் எல்லாரும் கொழுத்தவர்களாக இருந்தார்கள். நாட்கூலிக்கு வந்த ஒருவன் கூண்டைக் கண்டதும் ஓடிவிட்டான்.

"இருந்தா, தம்பிக்காக அந்தச் சொல்லு..." என்று இழுத்தான் அபூதாஹிர்.

"விழா முடியட்டும். கட்டாயம் கவனிப்போம்" என்றார் பிரக்கிராசியார்.

அந்த ஒரு வாரமும் அவன் சபைக்கு நடந்து நடந்து அதே பதிலையே கேட்டான். விழா நாள் அன்று காலையில் அவனைச் சாக்குத்துணியால் போர்த்தி, முகத்தில் கரி பூசினார்கள். சட்டையைக் கழற்றவில்லை, குளிருமே என்று சாக்குக்குள் விட்டார்கள். மனித உரிமையில் அவன் கண்டது அந்த ஒன்றுதான். பிறகு பலகைச் சண்டை தொடங்கியது. 'சைபீரியாவின் கைதி' என்று தலைவர் எழுதுவித்த பலகை. 'சிலியின் கைதி' என்று செயலாளர் எழுதுவித்த பலகை. பொருளாளரும் ஒரு நல்ல பலகை எழுதுவித்திருந்தார். ஆனால் இரவு பீக்கிங் வானொலி அதில் எழுதியிருந்த நாட்டைப் பற்றிச் சுருதி மாற்றிவிட்டதால், விடியற்காலையில் எழும்பிச் சுரண்டிவிட்டார். அது வெறும் பலகையாக இருந்தது. இருந்தாலும் தம் அணிக்குச் சமவுரிமை வேண்டும், வெறும் பலகையும் தொங்கத்தான் வேண்டும் என்று நின்றார். மூன்றும் கனத்த முதிரைப் பலகை, ஒவ்வொன்றும் ஓர் ஆள் மார்பகலம். மூன்றையும் ஒரே தேங்காய்நார்க் கயிற்றில் கோத்து அபூதாஹிரின் கழுத்தில் மாட்டினார்கள். சந்திக்குச் சந்தி பலகையை மாற்றுவதென்றும், பொலிஸ் நிலையத்துக்கு முன்னால் மட்டும் மரியாதைக்காக வெறும் பலகையை மேலே விடுவதென்றும் மூவரும் உடன்பட்டார்கள். அந்தச் சபை ஏகமனதாக எடுத்த ஒரே தீர்மானம் அது.

கூண்டுக்குப் பூட்டும் சங்கிலியும் பொலிஸ் நிலையத்தார் உதவினார்கள். இன்ஸ்பெக்டரே பிரதம விருந்தினர். மேடை என்பதால் அவர் சிங்களத்தில் பேசினார், பிரக்கிராசியார் மொழிபெயர்த்தார். "எங்கள் நிலையத்தில் உரிமை மீறப்பட்டதாக வெளியிலிருந்து ஒருவரும் இதுவரை முறையிடவில்லை. முறையிட வந்தவர்கள் உள்ளேதான் இருக்கிறார்கள். சந்தேகமானால் அவர்களையே கேட்டுக்கொள்ளலாம்." கைதட்டினார்கள். பிறகு அவர் தம் கையால் கூண்டைப் பூட்டி விழாவைத் திறந்துவைத்தார்.

பூட்டு விழுந்த சத்தத்தில் அபூதாஹிர் கம்பியைப் பிடித்துக்கொண்டான். நடிப்புத்தானே, நடிப்புத்தானே என்று சொல்லிக்கொண்டான். லொறி புறப்பட்டது. முதற் சந்தியில் அவன் சைபீரியாக்காரன். பிரக்கிராசியார் ஒலிபெருக்கியில் பனியைப் பற்றிப் பேசினார், மார்கழி வெயில் மண்டையைப் பிளந்தது. அடுத்த சந்தியில் சிலிக்காரன். தோழர் குணரத்தினம் பேசப்பேச அழுதுவிட்டார். பொய்யழுகை அல்ல, அவருக்கு உண்மையாகவே தொண்டை கட்டிவிட்டது. கிழவி ஒருத்தி கூண்டுக்குள் கையை நீட்டி, "நீ எந்த ஊர் ராசா?" என்று கேட்டுக் கச்சான் கடலை கொஞ்சம் தந்தாள். கிண்ணியா என்று சொல்ல வாயெடுத்தவன், சபையார் முறைத்ததைக் கண்டு கச்சானை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்தான். கயிறு பிடரியை அறுத்தது. தலையைக் குனிந்தால் கொஞ்சம் சுகமாயிருந்தது, குனிந்தே இருந்தான். கைதி வெகு இயல்பாக இருக்கிறார் என்று எல்லாரும் மெச்சினார்கள்.

கடற்கரைப் பொலிஸ் நிலையத்துக்கு முன்னால் லொறி நின்றது. இராசநாயகம் வெறும் பலகையை மேலே இழுத்துவிட்டார். நிலையத்தின் பக்கச் சுவரில் கம்பி போட்ட ஒரு ஜன்னல். கம்பிக்குப் பின்னால் ஒரு முகம். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது.

"காக்கா!" என்று அந்த முகம் கத்தியது. "உங்களையும் புடிச்சிட்டாங்களா?"

அபூதாஹிருக்குச் சங்கிலி, பலகை, சபை எல்லாம் மறந்துபோயிற்று. அந்த ஒரு கண்ணைத்தான் பார்த்தான். பிறந்தநாள் முதல் உள்ளே தேக்கிவைத்திருந்த குரல் முழுவதும் ஒரேயடியாக வந்தது.

"என்ட தம்பிய உடுங்க! அவன் ஒண்டும் செய்யல்ல! பட்டன் இல்லாமத்தான் குத்தினவன்! என்ட தம்பிய உடுங்க!"

இது எந்த நாட்டுக் கோஷம் என்று சனம் பலகையைப் பார்த்தது. பலகையில் ஒன்றும் இல்லை. எந்த நாட்டிலும் நடக்காத அநியாயத்துக்கு ஒருவன் கத்துகிறான் என்று விளங்கியதும் முன்வரிசையில் நின்றவர்கள் மெல்லப் பின்வரிசைக்குப் போனார்கள். குணரத்தினம் ஒலிபெருக்கியில் பாட்டைப் போட்டார். பிரக்கிராசியார் தொப்பியால் முகத்தை விசிறிக்கொண்டார். இன்ஸ்பெக்டர் யோசித்துப் பார்த்தார். கைது செய்ய அதிக வேலை இருக்கவில்லை. ஆள் ஏற்கெனவே கூண்டுக்குள் இருந்தான், பூட்டு பொலிசாருடையது, சாவி தம் சட்டைப்பையில். திறந்து, இறக்கி, உள்ளே கொண்டுபோய்த் தம்பியோடு அடைத்தார்கள். பலகைகளைக் கழற்ற யாருக்கும் தோன்றவில்லை.

அன்று அண்ணனும் தம்பியும் சிமெந்துத் தரையில் ஒட்டிக்கொண்டு கிடந்தார்கள். தம்பி அண்ணனின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தான். அடிவாங்கியவன் அடிவாங்காதவனுக்கு ஆறுதல் சொன்னான்.

விடிந்ததும் வாசலில் ஜீப் வந்து நின்றது. பச்சை நிறம், கொழும்பு இலக்கம். சாரதி இறங்கித் தேநீர் கேட்டான். தம்பியின் கை அபூதாஹிரின் கைக்குள் குளிர்ந்துபோயிற்று. அப்போது முன்பக்கத்தில் பழகிய குரல்கள் கேட்டன. சபையார் மூவரும் வந்திருந்தார்கள்.

"இன்ஸ்பெக்டர் அவர்களே, நேற்று நடந்ததற்கு மன்னிக்க வேண்டும்" என்றார் பிரக்கிராசியார். "நடிப்பு மிகையாகிவிட்டது. தம்பி என்று அவர் சொன்னது உலக சகோதரத்துவத்தை. பிரகடனத்தில் முதலாவது பிரிவிலேயே இருக்கிறது. நாளைக்கு மூதூரில் விழா. அந்த மனிதரை எனக்கு நன்றாகத் தெரியும். விட்டுவிடுங்கள்."

"எங்கள் எல்லாருக்கும் தெரியும்" என்றார் குணரத்தினம். இராசநாயகமும் ஆமோதித்தார்.

"ஓ, நீங்க சொன்னாச் சரிதானே" என்ற இன்ஸ்பெக்டர் கொன்ஸ்தாபிளைக் கூப்பிட்டார். "ராளஹாமி! பலகை போட்ட ஆளை விடுங்க. மற்றவனை ஜீப்பில ஏத்துங்க."

அவ்வளவுதான். ஒரே ஒரு சொல். அந்தச் சொல்லுக்காகத்தான் அபூதாஹிர் ஒரு வாரமாக நாயாய் அலைந்தான். அது அவர்கள் வாயில் வெற்றிலைச் சாறுபோல் எப்போதும் இருந்திருக்கிறது. துப்புவதற்கு ஒரு நொடி ஆகவில்லை. இவனுக்கு வந்த ஆத்திரத்தில் பயம் கொஞ்சம் ஒதுங்கி நின்றது. மறுபடி வருவதற்குள் காரியத்தை முடிக்கவேண்டும்.

கழுத்திலிருந்த கயிற்றைத் தூக்கினான். மூன்று பலகைகளையும் தம்பிக்கு முன்னால் இறக்கி வைத்தான்.

"காக்கா, என்ன செய்யிறீங்க?"

"வாய மூடு. உன்ட சட்டையக் கழட்டித் தா. என்டதப் போடு. கெதியா."

"ஏலாது காக்கா. நீங்க பயத்திலேயே மௌத்தாப் போயிருவீங்க."

"ஓம். அது ஒரு பக்கம் இரிக்கட்டும். றஹ்மா வீட்டு வாசல்ல நிக்கிறா. எனக்கு ஆரும் நிக்கல்ல. கழட்டுடா!"

அபூதாஹிர் தம்பியின் சட்டையை மாட்டிக்கொண்டான். தம்பி அழுதுகொண்டு இவனுடையதைப் போட்டுக்கொண்டான். அபூதாஹிர் சாக்குத்துணியை அவனுக்குப் போர்த்தி, பலகைகளைக் கழுத்தில் மாட்டினான். தன் முகத்துக் கரியை உள்ளங்கையால் வழித்து, வீங்கிய கண்ணில் நோகாமல் பார்த்து, தம்பியின் முகத்தில் பூசினான். மிச்சத்தைத் தண்ணீர்ச் சட்டியில் கழுவினான். இருவருக்கும் ஒரே உயரம், ஒரே தாடி, வாப்பாவின் மூக்கு. ஆனாலும் இது நடக்காத காரியம் என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. மூன்று படித்த மனிதர்கள் ஒரு வாரமாகத் தன்னோடு பேசியிருக்கிறார்கள். கண்டுபிடிக்க மாட்டார்களா?

கொன்ஸ்தாபிள் காலையில் வேலைக்கு வந்த புது ஆள். கதவைத் திறந்து, பலகையை வாசித்து, பலகையின் கையைப் பிடித்து வெளியே விட்டார். ஹிஸ்புல்லா தலையைக் குனிந்துகொண்டு நின்றான். மூவரும் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். இன்ஸ்பெக்டர் ஜீப்புக்கான கடதாசியை நிரப்பிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. அபூதாஹிர் கம்பிக்குள்ளிருந்து மூச்சுவிடாமல் பார்த்தான்.

பிரக்கிராசியார் கைதியின் மார்பைப் பார்த்தார். "சைபீரியா மேலே வரவேண்டும்" என்றார்.

"மூதூரில் சிலிதான் முதலில் என்று பேச்சு" என்றார் குணரத்தினம், பலகையை மாற்றிக்கொண்டே.

"நடிப்பில இண்டைக்கு முன்னேற்றம் இருக்கு" என்றார் இராசநாயகம். "கண் வீக்கம்கூடச் செய்திருக்கிறார்."

பேசிக்கொண்டே கூட்டிப்போனார்கள். வாசலைத் தாண்டும்போது ஹிஸ்புல்லா திரும்பிப் பார்க்க முயன்றான். பலகை இடித்தது, திரும்ப முடியவில்லை. அப்படியே போய்விட்டான்.

அபூதாஹிரை ஜீப்பின் பின்பக்கத்தில் ஏற்றினார்கள். இரண்டு பக்கமும் காக்கி. "பேரென்ன?" என்று கேட்டார்கள்.

"ஹிஸ்புல்லா" என்றான். அந்தப் பயத்திலும் பேர் தடுமாறாமல் வந்தது.

ஜீப் கண்டி வீதியில் ஏறியது. கப்பல்துறை கழிந்ததும் காற்றுப் பலமாக அடித்தது. தம்பியின் சட்டை நெஞ்சுக்கு நேரே விரிந்துகொண்டு பறந்தது. பட்டனாயிருந்த சின்னம் முன்னாசனத்தில் தடயமாகப் போய்க்கொண்டிருந்தது. விலங்கு போட்ட கைகளால் சட்டையைக் கூட்டிப் பிடித்துக்கொண்டான். இனி என்ன செய்வார்கள், எங்கே அடிப்பார்கள், தான் அழுதுவிடுவோமா, உண்மையைச் சொல்லிவிடுவோமா என்று ஒவ்வொரு வளைவிலும் நினைத்தான். தம்பி கிண்ணியாப் படகில் ஏறியிருப்பான், ஏறியிருப்பான் என்று அதையே பிடித்துக்கொண்டிருந்தான்.

பிறகு, ஏனோ, சிலி என்ற ஊரை நினைத்தான். அந்த ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. அங்கேயும் ஒரு சபை இருக்கும். அந்தச் சபையிலும் ஓர் உலகப் படம் தொங்கும். அந்தப் படத்தில் காலண்டர் வேறு எங்கேயாவது மாட்டியிருக்கும், இலங்கை வெளியே தெரியும். அங்கேயும் ஒரு லொறி போகும், ஒரு கூண்டு இருக்கும், கூண்டுக்குள் யாரோ ஓர் ஏழை, 'திருகோணமலையின் கைதி' என்று கழுத்தில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். சந்தியில் யாராவது இவனுக்காக அழுவார்கள்.

அப்படி ஒருவன் இருக்கவேண்டும் என்று அல்லாஹ்விடம் மன்றாடினான். கூடவே, அவனுக்குக் கொஞ்சம் மெல்லிய பலகையாகக் கொடுக்கும்படியும் கேட்டான்.